முனியாண்டிக்குக் கோழி, பெருமாளுக்குத் துளசி
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'இந்துக்கள் மாமிசம் சாப்பிடலாமா, கூடாதா?' என்பதுதான் இன்று நம் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. 'கூடாது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டால் கைதட்டச் சிலர் இருப்பார்கள். 'தாராளமாகச் சாப்பிடலாம், கண்ணப்பரே இறைச்சி படைத்தாரே' என்று சொன்னால் இன்னும் பலமாகக் கைதட்டுவார்கள். இரண்டும் பாதி பாதி உண்மைகள். பாதி உண்மையை வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை போட்டுக்கொள்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

சண்டை என்று சொல்வது மிகையல்ல. சைவக் குடும்பத்துப் பெண் அசைவக் குடும்பத்துக்கு மருமகளாகப் போகிறாள். தீபாவளிக்கு முதல் நாள் முன்னோர் படையலுக்கு ஆட்டிறைச்சி சமைக்கச் சொல்கிறார் மாமியார். மருமகளுக்குக் குமட்டுகிறது. 'உன் வீட்டுச் சாமி மட்டும்தான் சாமியா?' என்று பேச்சு வளர்கிறது. இன்னொரு வீட்டில், சமய வகுப்புக்குப் போய்வந்த பேரன், 'பாட்டி, நீங்க கும்பிடுறது சாமியே இல்ல, அது துர்தேவதை' என்கிறான். தன் பிள்ளைகளைக் காப்பாற்றிக் கொடுத்த தெய்வத்தைப் பேரன் இப்படிச் சொல்கிறானே என்று அந்தக் கிழவிக்கு எப்படி இருக்கும்? இது வெறும் சாப்பாட்டு விஷயமில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒரே கோயிலில் இரண்டு இலை

முதலில் நம் கோயில்களையே பார்ப்போம். மதுரைக்குப் பக்கத்தில் அழகர்கோயில். உள்ளே கள்ளழகர். பெருமாள், ஆகையால் அவருக்குத் துளசியும் தோசையும் பொங்கலும்தான். அதே கோயிலின் வாசல் கதவில் குடியிருக்கிறார் பதினெட்டாம்படிக் கருப்பர். காவல் தெய்வம். அவருக்கு வேண்டிக்கொண்டவர்கள் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். உள்ளே இருப்பவர் கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே இருப்பவரும், 'எனக்கு மட்டும் ஏன் துளசி இல்லை?' என்று கேட்கவில்லை.

கிராமத்து ஐயனார் கோயிலுக்குப் போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஐயனார் சைவம். அவரைச் சுற்றி நிற்கும் கருப்பரும் மற்றக் காவல்காரர்களும் அசைவம். கிடா வெட்டும் நேரம் வந்ததும் ஐயனார் சந்நிதியில் திரை போட்டுவிடுவார்கள். வெட்டி முடித்து, இடத்தைக் கழுவிவிட்ட பிறகுதான் திரை விலகும். நம் முன்னோர்கள் ஒருவர் வழக்கத்தை இன்னொருவர் மேல் திணிக்காமல், இரண்டையும் ஒரே திடலில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த ஒரு முழத் துணியில் எவ்வளவு நாகரிகம் இருக்கிறது பாருங்கள்!

இது தமிழ்நாட்டு வழக்கம் மட்டுமல்ல. ஒடிசாவில் பூரி ஜெகந்நாதர் கோயில் இருக்கிறது. சைவப் பிரசாதத்துக்குப் பேர் பெற்ற கோயில். அந்த வளாகத்துக்குள்ளேயே விமலா தேவி சந்நிதி உண்டு. துர்க்கா பூசை நாட்களில் அந்த அம்மனுக்கு ஆடு பலியிட்டு, மீனும் படைப்பார்கள். ஆனால் ஜெகந்நாதர் சந்நிதிக் கதவு திறப்பதற்கு முன்னால், விடியாத இருட்டிலேயே அதை முடித்துவிட வேண்டும். அங்கே திரைக்குப் பதிலாக இருட்டு. வங்காளத்தில் அந்தணர்களே மீன் சாப்பிடுகிறார்கள். காளிகட்டத்தில் காளிக்கு ஆட்டுப் பலி உண்டு. காஷ்மீரத்துப் பண்டிதர்கள் வீட்டில் ஆட்டிறைச்சி இல்லாமல் விருந்தே கிடையாது. இவர்கள் எல்லாரும் இந்துக்கள்தாம். ஆகவே 'இந்து என்றால் சைவம்' என்று ஒரே கோடு போட்டுவிட்டால், கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள்தாம் அதிகமாக இருப்பார்கள்.

கடல் கடந்து வந்த சாமிகள்

இந்த நாட்டுக்கு வருவோம். பால்மரக் காட்டுக்குக் கங்காணியோடு கப்பலேறி வந்த மக்கள் ஆகமக் கோயிலைக் கொண்டு வரவில்லை, கொண்டு வரவும் முடியாது. அவர்கள் கொண்டு வந்தது ஊர் எல்லைச் சாமியை. முனியாண்டி, மதுரைவீரன், காளியம்மா, சங்கிலிக் கருப்பன். தோட்டத்து எல்லையில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு கல், பக்கத்தில் ஒரு சூலம். பாம்பும் காய்ச்சலும் நிறைந்த காட்டில் விடியற்காலை இருட்டில் பால்வெட்டப் போகிற ஆளுக்கு அந்தக் கல்தான் துணை. ஆண்டுக்கு ஒரு முறை அதற்குக் கோழியும் சுருட்டும் சாராயமும் வைத்தார்கள். தாங்கள் எதை ருசித்துச் சாப்பிட்டார்களோ, வருடத்தில் எத்தனை முறை அது கிடைத்ததோ, அதில் முதல் பங்கைச் சாமிக்கு வைத்தார்கள்.

சிங்கப்பூரில் இரயில்வேத் தொழிலாளர்கள் தண்டவாளத்தின் ஓரத்தில் வைத்துக் கும்பிட்ட முனியாண்டி இன்று குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் முனீஸ்வரராகப் பெரிய கோயிலில் இருக்கிறார். மலேசியாவிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, பல மரத்தடிச் சாமிகள் கோபுரம் வைத்த கோயிலுக்குள் வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து அர்ச்சகர் வந்தார், கும்பாபிஷேகம் நடந்தது, சமஸ்கிருத மந்திரம் ஒலித்தது. முனியாண்டி என்ற பெயர் முனீஸ்வரர் ஆனது. கோழிக்குப் பதில் சர்க்கரைப் பொங்கல் வந்தது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கோயில் வளர்ந்தால் முறையும் மாறும், அது இயல்பு. மாறியதோடு நிற்காமல், 'முன்பு செய்தது எல்லாம் காட்டுமிராண்டித்தனம்' என்று பேச ஆரம்பித்ததைத்தான் நான் குறை சொல்கிறேன். அந்தக் கோழியை வைத்தவர்கள் கட்டியதுதான் இன்று நாம் நிற்கிற கோயில்.

நூல்கள் என்ன சொல்கின்றன?

'பழைய காலத்தில் தமிழர்கள் எல்லாரும் சைவம்தான்' என்று மேடையில் முழங்குபவர்கள் உண்டு. சங்க நூல்களைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. சேரமன்னன் ஒருவன் கபிலரின் கையைப் பிடித்து, 'உங்கள் கை ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கிறது?' என்கிறான். 'உன்னைப் பாடுகிறவர்களுக்கு இறைச்சியும் சோறும் உண்பதைத் தவிர வேறு கடினமான வேலை இல்லையே, கை மென்மையாக இல்லாமல் என்ன செய்யும்?' என்ற பொருளில் கபிலர் பதில் சொல்வதைப் புறநானூற்றில் காணலாம். கபிலர் அந்தணர். முருகன் வழிபாட்டைச் சொல்லும் திருமுருகாற்றுப்படையிலேயே ஆட்டுக்கிடாயின் இரத்தம் கலந்த அரிசியைப் பலியாக இடும் காட்சி வருகிறது. இன்று தைப்பூசத்துக்கு மண்டலக் கணக்கில் சைவ விரதம் இருக்கும் நமக்கு இது வியப்பாக இருக்கும்.

பிறகு காலம் மாறியது. சமணமும் பௌத்தமும் கொல்லாமையைத் தமிழ் மண்ணில் ஆழமாக விதைத்தன. சைவமும் வைணவமும் அதை ஏற்றுக்கொண்டு தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டன. எந்த அளவுக்கு என்றால், 'சைவம்' என்ற சமயத்தின் பெயரே நம் மொழியில் மரக்கறி உணவுக்குப் பெயராகிவிட்டது. பெருமாள் பக்தர்கூடக் கடையில் போய், 'சைவச் சாப்பாடு இருக்கா?' என்றுதானே கேட்கிறார்! யாழ்ப்பாணத்து வழிவந்த நம் நண்பர்கள் 'அசைவம்' என்று சொல்வதில்லை, 'மச்சம்' என்பார்கள். 'இன்றைக்கு வெள்ளிக்கிழமை, மச்சம் இல்லை' என்று அவர்கள் சொல்வதைப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கேட்டிருப்பீர்கள்.

திருக்குறளில் புலால் மறுத்தல் 26ஆவது அதிகாரம். அது துறவறவியலில் வருவதால், 'துறவிகளுக்குச் சொன்னது, நமக்கில்லை' என்று வாதாடுவோர் இருக்கிறார்கள். அந்த வாதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வாய்மையும் கள்ளாமையும்கூடத் துறவறவியலில்தான் இருக்கின்றன. குடும்பஸ்தன் பொய் சொல்லலாம், திருடலாம் என்றா பொருள்? அதே அதிகாரத்தில் வள்ளுவர் இன்னொரு சாக்கையும் அடைத்துவிடுகிறார். 'நான் கொல்லவில்லையே, காசு கொடுத்து வாங்கத்தானே செய்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. தின்பதற்கு ஆள் இல்லாவிட்டால் விற்பதற்கும் ஆள் இருக்காது என்பது அவர் கணக்கு. பேரங்காடியில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கோழியை எடுத்துத் தள்ளுவண்டியில் போடும் நமக்கு இது நேராகவே பொருந்தும்.

வடமொழி நூல்களும் ஒரே குரலில் பேசவில்லை. மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம், மாமிசம் உண்பதில் குற்றமில்லை, ஆனால் விட்டுவிடுவது பெரும் பலன் தரும் என்ற தொனியில் முடிக்கிறது. பகவத் கீதையின் 17ஆவது அத்தியாயம் உணவைச் சாத்விகம், இராஜசம், தாமசம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. அங்கே மாமிசம் என்ற சொல் வருவதே இல்லை. சாறுள்ளது, காரமானது, ஆறிப்போய்க் கெட்டது என்றுதான் பேசுகிறது. மகாபாரதத்து வனபர்வத்தில் மிதிலை நகரத்து இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் வருகிறார். தர்மவியாதர் என்று பெயர். கௌசிகர் என்னும் அந்தணர் தர்மம் தெரிந்துகொள்ள அவருடைய கடை வாசலில் போய் நிற்கிறார். அந்த வியாதர் தாம் கொல்வதுமில்லை, தின்பதுமில்லை, குலத்தொழிலாக விற்க மட்டும் செய்கிறார். வள்ளுவர் கணக்குக்கு இது ஒத்து வராது. நம் நூல்கள் தங்களுக்குள்ளேயே இப்படி வாதம் செய்துகொள்ளும்போது, நாம் மட்டும் ஒரு வரியை எடுத்துக்கொண்டு மற்றவர் வாயை அடைக்க முயல்வது முறையா?

கண்ணப்பரைச் சாக்காக்க வேண்டாம்

கண்ணப்ப நாயனார் கதை எல்லாருக்கும் தெரியும். திண்ணன் என்ற வேடர் காளத்தி மலைச் சிவனுக்குப் பன்றி இறைச்சி கொண்டுவந்து படைத்தார். 'ஆகவே நாங்களும் சாப்பிடுகிறோம்' என்கிறார்கள். கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

திண்ணன் இறைச்சியை நெருப்பில் பதமாக வாட்டினார். ஒவ்வொரு துண்டையும் வாயில் போட்டு ருசி பார்த்து, நல்லதைத் தனியே எடுத்து வைத்தார். எல்லாவற்றையும் சாமிக்குக் கொண்டுபோனார். தமக்கென்று அவர் உண்டதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. இரவு முழுக்கத் தூங்காமல் வில்லோடு காவல் நின்றார். ஆறாவது நாள் தம் கண்ணையே பிடுங்கிக் கொடுத்தார். அந்தக் கதையில் இறைச்சி மிகச் சிறிய பகுதி. நாம் கண்ணைக் கொடுக்கிற பகுதியை விட்டுவிட்டு, பன்றிக்கறிப் பகுதியை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

அதே கதையில் சிவகோசரியார் என்ற அர்ச்சகரும் இருக்கிறார். அவரை நாம் மறந்துவிடுகிறோம். காலையில் வந்து பார்த்தால் சந்நிதியெல்லாம் எலும்பும் இறைச்சியும். பாவம், அவர் துடித்துப்போகிறார். கழுவிச் சுத்தம் செய்துவிட்டு ஆகமப்படி மறுபடி பூசை செய்கிறார். மறுநாளும் அப்படியே. சிவன் அவரைத் தள்ளிவிடவில்லை. கனவில் வந்து, அந்த வேடன் எப்படிப்பட்ட அன்பன் என்று விளக்கிச் சொல்லி, மறைந்திருந்து பார்க்கச் செய்கிறார். வேடனை அர்ச்சகராக்கவும் இல்லை, அர்ச்சகரை வேடனாக்கவும் இல்லை. நாகப்பட்டினத்துப் பரதவர் அதிபத்த நாயனார் இன்னொருவர். தினமும் வலையில் விழும் மீன்களில் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். மீன்பிடித் தொழிலை விட்டுவிட்டு வா என்று இறைவன் அவரிடம் சொல்லவில்லை. வறுமை வந்து, நாள் முழுக்க ஒரே மீன் கிடைத்தபோதும் அதையும் விட்டார். அந்தக் கதையைக் கேட்கும்போது நம் வீட்டில் எதை முதலாவதாக விட்டுக்கொடுக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

விரத நாட்களும் காரணங்களும்

நம்மில் பெரும்பாலோர் முழுச் சைவமும் இல்லை, முழு அசைவமும் இல்லை. நாள் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி, அமாவாசை. புரட்டாசி மாதம் முழுக்க, இல்லையென்றால் அதன் சனிக்கிழமைகளில். ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம். தைப்பூசக் காவடிக்கு 48 நாள் என்பார்கள். வேலை, உடல்நிலை பார்த்து அதை 21 ஆகவும் 7 ஆகவும் சுருக்கிக்கொள்வோரும் உண்டு. காவடி இறக்கியதும் விரதம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். முறைப்படி பார்த்தால் வீட்டில் இடும்பன் பூசை செய்த பிறகுதான் முடிகிறது. வீட்டில் துக்கம் நேர்ந்தால் பதினாறாம் நாள் கருமக்கிரியை முடியும்வரை சைவம். தீபாவளியன்று காலையில் ஆட்டுக்கறியும் இட்லியும் சாப்பிட்ட வீட்டில், அமாவாசை கழிந்த மறுநாளே கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கம் நம் வாழ்க்கையில் ஊறிப்போனது.

புரட்டாசியில் ஏன் அசைவம் கூடாது என்று பிள்ளைகள் கேட்டால், இப்போது ஒரு பதில் தயாராக இருக்கிறது. 'வெயிலும் மழையும் கலக்கும் பருவம், செரிமானம் குறையும், அதனால் அறிவியல்படி முன்னோர்கள் சொன்னார்கள்' என்கிறார்கள். கைத்தொலைபேசியிலும் ஆண்டுதோறும் இது சுற்றி வருகிறது. தமிழ்நாட்டில் அது பருவம் மாறும் மாதம், சரி. ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் பன்னிரண்டு மாதமும் வெயிலும் மழையும் கலந்துதானே இருக்கின்றன! அப்படியானால் நாம் ஆண்டு முழுவதும் விரதம் இருக்க வேண்டியதுதான். பக்திக்குப் பொய்யான அறிவியல் முட்டுக்கட்டை தேவையில்லை என்பது என் கருத்து. 'இது பெருமாளுக்குரிய மாதம். அவரை நினைத்து நமக்குப் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுக்கிறோம்' என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், அதற்குப் புரியும். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் யாரும் செரிமானத்துக்காக நிற்பதில்லை.

அதே காலத்தில் அக்கம்பக்கத்துச் சீனர் வீடுகளையும் கவனியுங்கள். அவர்களுடைய ஒன்பதாவது மாதத்தின் முதல் ஒன்பது நாட்களில் ஒன்பது பேரரசர் விழா வரும். கடைகளில் மஞ்சள் கொடி கட்டி, வெள்ளை உடுத்தி, ஒன்பது நாளும் மரக்கறி சாப்பிடுவார்கள். பல ஆண்டுகளில் அது நம் நவராத்திரியோடு ஒன்றாகவே வருகிறது. ஒரே அலுவலகத்தில் இரண்டு மேசைகளில் இரண்டு பேர் விரதம். ஒருவர் மற்றவருக்குச் சாப்பாடு வாங்கிவந்து கொடுப்பதையும் பார்க்கலாம்.

வெளியில் சாப்பிடுவோர் கவனத்துக்கு

விரதம் இருக்கும் இளைஞர்கள் அடிக்கடி தெரியாமல் விழும் இடம் ஒன்று உண்டு. 'காய்கறிதானே' என்று காங்கோங் வாங்குவார்கள். அதைத் தாளித்திருப்பது பெலாச்சானில், அதாவது இறாலை அரைத்துக் காயவைத்தது. நாசி லெமாக்கில் கோழியை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். சம்பலில் நெத்திலி இருக்கும். கீரையை வதக்கும்போது சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். சீனர் மரக்கறிக் கடையில் இந்தத் தொல்லை இல்லை. பூண்டு, வெங்காயம்கூட அங்கே பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

இனிப்பு மிட்டாய் விஷயம் பலருக்குத் தெரியாது. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி சேரவில்லை என்று பொருள். மாடு சேரவில்லை என்று பொருளல்ல. மெல்லும் பதத்தில் இருக்கும் மிட்டாய்களில் சேர்க்கும் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. மாட்டிறைச்சியைத் தொடாத வீட்டில் பிள்ளைகள் அதைத் தெரியாமல் தின்றுகொண்டிருப்பார்கள். மருந்து உறைகளிலும் அது உண்டு. மருந்து விஷயத்தில் நான் யாரையும் தடுக்க மாட்டேன், உடம்பு முதலில். மிட்டாய்க்கு மாற்று கையிலேயே இருக்கிறது. அகர் அகர் கடற்பாசியில் செய்வது, தயக்கமில்லாமல் கொடுக்கலாம்.

சோயாவில் செய்த 'சைவ ஆட்டுக்கறி' பற்றிக் கேட்கிறார்கள். சாப்பிடுவதில் குற்றமில்லை. ஆனால் மீன் மாதிரியே வால் வைத்து, கோழித் தொடை மாதிரியே குச்சி செருகி விரத நாளில் பரிமாறும்போது, நாக்கு விரதம் இருக்கிறதா, பல் விரதம் இருக்கிறதா என்று எனக்குச் சிரிப்பு வரும்.

பலி வேறு, படையல் வேறு

இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சந்நிதிக்கு முன்னால் உயிரைக் கொல்வது பலி. சமைத்த உணவை இலையில் வைத்துக் கும்பிடுவது படையல். பலியைப் பொறுத்தவரை என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. அது போகவேண்டிய வழக்கம். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற இடத்துக்கு வெளியே விலங்கை அறுக்க முடியாது, ஆகவே கோயிலில் பலி என்ற பேச்சே எழுவதில்லை. மலேசியாவில் பல கோயில்கள் தாமாகவே நிறுத்தி, எலுமிச்சையும் நீற்றுப்பூசணியும் வெட்டித் திருப்தி அடைகின்றன. இன்னும் சில இடங்களில் தொடர்கிறது. குழந்தைகள் நின்று பார்க்க, அரைகுறைக் கத்தியால் ஓர் ஆட்டை வெட்டுவதில் பக்தி எங்கே இருக்கிறது?

ஆனால் சட்டம் போட்டு அதட்டினால் மட்டும் வழக்கம் போய்விடாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டம் அங்கே 1950லேயே வந்துவிட்டது. அரை நூற்றாண்டு அது ஏட்டில்தான் இருந்தது. 2003ல் அரசு அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த உத்தரவிட்டதும் கிராமங்களில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. 'எங்கள் சாமிக்கு என்ன படைக்க வேண்டும் என்று நீங்கள் யார் சொல்வது?' என்று கேட்டார்கள். 2004ல் அந்தச் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. அங்கே விலங்கின் மீது இரக்கம் என்பதோடு, மேலிருப்பவர் கீழிருப்பவரைத் திருத்துவது என்ற வாடையும் சேர்ந்து வந்ததுதான் கோபத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

படையல் அப்படியல்ல. குழந்தை பிறந்து முப்பதாம் நாள், நாற்பதாம் நாள் பெரியாச்சிக்குப் படைக்கிறார்களே, அதைப் பாருங்கள். பல வீடுகளில் அந்த இலையில் கருவாடு, கோழி, முட்டை எல்லாம் இருக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாகக் கொடுத்த உணவும் அதுதான். பெற்றவள் உடம்பு தேறியதற்கு, அவள் சாப்பிட்டதையே அம்மனுக்கும் வைத்து நன்றி சொல்கிறார்கள். தீபாவளிக்கு முதல் நாள் தாத்தாவுக்குப் பிடித்த மீன்குழம்பையும் பாட்டிக்குப் பிடித்த வெற்றிலையையும் வைப்பது இறந்தவர்களை மறக்கவில்லை என்பதற்குத்தான். இதில் எந்த ஆகமத்துக்கும் குறை வந்துவிடாது.

நேயர்கள் கேட்டவை

முட்டை சைவமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். நம் வழக்கத்தில் இல்லை. பிறந்தநாள் விரத நாளில் வந்தால் முட்டை சேர்க்காத கேக் கடையில் கிடைக்கிறது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அசைவம் சாப்பிட்ட அன்று கோயிலுக்குப் போகலாமா? குளித்துவிட்டு மறுநாள் போவது நம் பழக்கம். ஆனால் உறவினர் மருத்துவமனையில் இருக்கிறார், மனம் தாங்கவில்லை, வழியில் கோயில் இருக்கிறது என்றால், வெளியே நின்று கும்பிடுவதை எந்தச் சாமியும் தள்ளாது. மேலே சொன்ன மாமியார், மருமகள் விஷயத்துக்கு ஒன்றுதான் சொல்வேன். இலை வீட்டுக்குரியது, சமைக்கும் கை யாருடையது என்று சாமி பார்ப்பதில்லை. மருமகள் பாயசமும் வடையும் செய்யட்டும், கறியை வேறொருவர் செய்யட்டும். ஐயனாருக்குத் திரை போட்டவர்கள் வழி வந்த நமக்கு, ஒரு சமையலறையில் இரண்டு சட்டி வைத்துக்கொள்ளத் தெரியாதா?

கடைசியாக வந்த கேள்விதான் கனமானது. பாட்டி காலத்திலிருந்து முனியாண்டிக்கு ஆண்டுதோறும் கோழி வைத்து வந்த குடும்பம். இப்போது வீட்டில் எல்லாரும் சைவமாகிவிட்டார்கள். படையலை நிறுத்தினால் சாமி குற்றம் வருமா என்று பயப்படுகிறார்கள். முதலில், நிறுத்தாதீர்கள், மாற்றுங்கள். அந்த நாளை விட்டுவிடக் கூடாது. தோட்டம் இல்லை, மரம் இல்லை என்றால் வீட்டிலேயே கிழக்குப் பார்த்து இலை போடலாம். அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எல்லாரிடமும் முன்பே சொல்லுங்கள். ஒருவர் தனியாக முடிவெடுத்துவிட்டு, நாளைக்கு யார் வீட்டிலாவது காய்ச்சல் வந்தால், 'நீ நிறுத்தினதாலதான்' என்று பழி வரும். பிறகு நம் கிராமத்து வழக்கப்படி பூக்கட்டிப் பாருங்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எது பொங்கல், எது கோழி என்று மனத்தில் நினைத்துச் சாமி முன் வைத்து, வீட்டிலேயே சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளை வந்தால் பொங்கல் வையுங்கள். சிவப்பு வந்தால் இந்த ஆண்டு மட்டும் வெளியிலிருந்து சமைத்து வாங்கி வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடி கேளுங்கள்.